யானைமலை ஏன் இன்னும் தேஞ்சு போகல?

மதுரை ஒத்தக்கடையிலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: “சார், நிலம் மிதக்குதுன்னு போன வீடியோவுல சொன்னீங்க. இவ்வளவு பெரிய பாறை எதுல மிதக்கும்? கோடிக்கணக்கான வருஷமா மழை பெஞ்சும் எங்க யானைமலை ஏன் தேஞ்சு தரையோட தரையாகல?”

தம்பி, தைப்பூசத்துக்கு மாரியம்மன் தெப்பக்குளம் போயிருப்பீங்க. மீனாட்சியும் சொக்கரும் ஏறி, பட்டர், மேளக்காரங்கன்னு எல்லாரும் ஏறினதும் தெப்பம் கொஞ்சம் அமுங்கும். ஆள் இறங்க இறங்க மேல வரும். நிலமும் அப்படித்தான். மேலோட்டுப் பாறை, ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 2.7 கிராம். அடியில இருக்குற மேன்டில் 3.3 கிராம். லேசானது கனமானது மேல மிதக்குது. இதைத்தான் ஐசோஸ்டசின்னு சொல்றாங்க. மேன்டில்னதும் எரிமலைக் குழம்புன்னு நெனச்சுராதீங்க, கெட்டிப் பாறைதான். ஆனா அந்தச் சூட்டுல, ஆயிரம் லட்சம்னு வருஷம் போகப் போக, மெதுவா நகர்ந்து கொடுக்கும்.

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். மேல 1 கிலோமீட்டர் பாறை கரைஞ்சு ஆத்தோட போயிருச்சுன்னு வைங்க. பாரம் குறைஞ்சதுல நிலம் 800 மீட்டருக்கு மேல எழும்பிரும் (2.7ஐ 3.3ஆல வகுத்தா சுமார் 0.82, அந்தப் பங்குக்கு எழும்பும்). அப்ப உயரம் குறைஞ்சது எவ்வளவு? 200 மீட்டர் கூட இல்ல! இதை முதல்தடவ போட்டுப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. மழை மேல சீவச் சீவ, அடியிலேருந்து பாறை வந்துக்கிட்டே இருக்கு.

அதுக்குச் சாட்சி நம்ம மதுரைப் பாறைதான். இந்த வட்டாரத்துப் பாறைகள்ல உள்ள கார்னெட் மாதிரி கனிமங்களைச் சோதிச்சா, 25, 30 கிலோமீட்டர் ஆழத்துல வெந்ததுன்னு தெரியுது. சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கண்டத் தட்டுகள் மோதி கோண்டுவானாங்கிற பழைய பெருங்கண்டம் ஒண்ணு சேர்ந்த காலம் அது. மோதினா மேலோடு மடிஞ்சு தடிக்கும், கொஞ்சம் மேல மலையாகும், பெரும்பகுதி கீழ வேராகும். இன்னைக்கு இந்தியத் தட்டு ஆசியாவை முட்டுறதால திபெத்துக்கு அடியில மேலோடு 70 கிலோமீட்டர் தடிமன். தட்டு பாரத்தை ஏத்தும், மழை இறக்கும், மிதவை அதுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். நம்ம ஊர்ல இறக்குற வேலை எப்பவோ முடிஞ்சு, ஆழத்துல கெடந்தது வெளிய வந்துருச்சு.

ஆனா ஒண்ணு. யானைமலை மட்டும் தனியா எழும்புதுன்னு எடுத்துக்காதீங்க. அவ்வளவு சின்ன மலைக்குத் தனி வேர் கிடையாது. மேலோடு விறைப்பானது, எழும்பினா சுத்துவட்டாரமே சேர்ந்துதான் எழும்பும். மலை நிக்கிறதுக்குக் காரணம் வேற, அதுல விரிசல் கம்மி. சுத்தியிருந்த பாறையில விரிசல் வழியா தண்ணி எறங்கி, மக்கி, வயக்காடாயிருச்சு. இதுல தண்ணி வழுக்கி ஓடிருது. அடுத்ததடவ நரசிங்கம் கோயில் பக்கம் போனா பாறையை ஒட்டி நின்னு பாருங்க. வெளுப்பும் கறுப்புமா வரி ஓடும், சில இடத்துல பிசைஞ்ச மாவு மாதிரி நெளிஞ்சிருக்கும். அடியில இளகிக் கெடந்தப்ப விழுந்த நெளிவு அது.