அந்த 750 மணி நேரம் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

தாதிமைத் துறையில் நீண்ட காலம் இருந்துவிட்டால், எந்த வார்டுக்கு மாற்றல் கேட்பது, எந்தப் படிப்புக்குப் போவது என்று இளையவர்கள் நம்மிடம்தான் வந்து நிற்பார்கள். சில காலமாக என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது: "அக்கா, நர்ஸ் பிராக்டிஷனர் மாஸ்டர்ஸை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாமாமே. எந்த யுனிவர்சிட்டி நல்லது?"

கேட்கிறவரின் கைப்பேசியில் அதற்குள் நான்கைந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளம்பரம் வந்து விழுந்திருக்கும். ஒரு தடவை தேடிவிட்டால் போதும், அப்புறம் விடாது. நான் திருப்பிக் கேட்பேன்: "படித்து முடித்து எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறாய்?" "அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா" என்று பதில் வந்தால், விண்ணப்பக் கட்டணத்தை இப்போதைக்குக் கட்டாதே என்று சொல்லிவிடுவேன். பட்டத்தை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வாங்கலாம். உரிமம் அப்படி இல்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதும் உரிமையை அந்தந்த ஊர் வாரியம்தான் தர வேண்டும்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர், நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுத மேல்பயிற்சி பெற்ற தாதி. இந்தப் பணி 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. லோரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்த பயிற்சி அது. மருத்துவர் எட்டாத இடங்களில் இருந்த குழந்தைகளைத் தாதியே பரிசோதித்துக் கவனிக்க முடியும் என்று காட்டினார்கள். ஃபோர்டு அம்மையார் 2025 ஜனவரியில் தமது 104வது வயதில் காலமானார்.

சிங்கப்பூரில் அதே நிலையில் இருப்பவர்களை அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ், சுருக்கமாக ஏபிஎன் என்கிறோம். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு, ரத்த அழுத்தம் என்று தொடர்ந்து வருகிறவர்களில் பலரை அவர்கள்தான் பார்க்கிறார்கள். முதல் தடவை "மிஸ்ஸி, டாக்டர் எப்போ வருவார்?" என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தாத்தா, கொஞ்ச நாள் போனால் "அந்த மிஸ்ஸியிடமே போட்டுக் கொடுங்கள்" என்று முகப்பில் கேட்பார். ஏபிஎன் ஆக இங்குள்ள வழி தெளிவானது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003ல் தொடங்கிய தாதிமை முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதை முடித்த பிறகு மருத்துவமனையில் மேற்பார்வையுடன் பயிற்சிக் காலம், பிறகு தாதிமை வாரியத்தின் மதிப்பீடு, அப்புறம்தான் சான்றிதழ். வாரியச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்காது. 2018 முதல், அதற்கென்று தனிப் பயிற்சி முடித்த ஏபிஎன்கள் மருத்துவருடன் செய்துகொள்ளும் கூட்டு ஏற்பாட்டின் கீழ் மருந்தும் எழுதலாம்.

ஆகவே செங்காங்கில் வீடு, நொவீனாவில் வேலை, வாழ்க்கை முழுக்க இங்கேதான் என்று முடிவு செய்தவர் அமெரிக்க ஆன்லைன் படிப்பில் சேர்ந்து ஏபிஎன் ஆகலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வெளிநாட்டுத் தகுதிகளை வாரியம் தனியாகப் பரிசீலிக்கும், அது வேறு விஷயம். பணம் கட்டும் முன்பே வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆலோசகர் தொலைபேசியில் "நோ பிராப்ளம்" என்று சொன்னதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

அமெரிக்கா போகும் எண்ணம் இருக்கிறது, அதற்கு இந்தப் படிப்பு படிக்கட்டாக இருக்குமே என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு மேல் இணையவழிப் படிப்பைக் கணக்கில் காட்ட முடியாது. முழுக்க ஆன்லைன் என்றால் அந்த விசாவே கிடைக்காது. தாதி வேலையை வைத்து நிரந்தரமாகக் குடியேறும் விசாவில் போகலாம் என்றால், அங்கே வரிசை நாம் பிறந்த நாட்டை வைத்துத்தான். சிங்கப்பூரில் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் திருச்சியில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. கணவரோ மனைவியோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் கேட்க வழியுண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. போவதென்று முடிவானால் முதலில் அமெரிக்கத் தாதி உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு, அங்கே பதிவு, கொஞ்ச காலம் வார்டு வேலை. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு அதற்குப் பிறகு. பெரும்பாலான அமெரிக்கப் படிப்புகள் சேரும்போதே அந்நாட்டின் பதிவுபெற்ற தாதி உரிமத்தைக் கேட்கும்.

அப்படியானால் இந்த ஆன்லைன் படிப்பு யாருக்கு? ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்களுக்கு. நம் குடும்பங்களில் டெக்சஸில் ஒரு தங்கை, நியூ ஜெர்சியில் ஒரு அண்ணன் மகள் என்று யாராவது இருப்பார்கள். இனி சொல்வதை அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

ஆன்லைன் என்று சொன்னாலும் பாடம் மட்டும்தான் ஆன்லைன். மேம்பட்ட நோய் உடலியங்கியல், மேம்பட்ட உடல் பரிசோதனை, மேம்பட்ட மருந்தியல் ஆகிய மூன்றும் அடித்தளப் பாடங்கள். அவற்றை வீட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கலாம், தப்பில்லை. ஆனால் நோயாளிகளை நேரில் பார்த்துப் பழகும் மணி நேரம் ஒன்று இருக்கிறது. முன்பு குறைந்தது 500 மணி நேரம் என்று இருந்ததை, 2022ல் வந்த தேசியத் தர விதிகள் 750 ஆக உயர்த்தின. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 47 வாரம் ஆகிறது, ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் யாராவது ஒரு மருத்துவரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ உங்களைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கற்றுத் தர வேண்டும். அவரைப் பிரிசெப்டர் என்பார்கள். அந்தப் பிரிசெப்டரை யார் தேடித் தருவது? எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை என் பார்வையில் இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

சில கல்விக்கூடங்கள் தாங்களே இடம் பிடித்துத் தருகின்றன. பல கல்விக்கூடங்கள் அந்தப் பொறுப்பை மாணவர் தலையில் கட்டிவிடுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அங்கே படித்தாள். கல்விக்கூடத்தின் பெயர் வேண்டாம். பாடமெல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசி வருடத்துக்கு முன்னால் பிரிசெப்டர் தேட ஆரம்பித்தாள். கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினாள். வரவேற்பு மேசையில் தன் விவரத்தைக் கொடுத்துவிட்டு வருவாள், பதிலே வராது. வேலைக்குப் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து ஊரில் உள்ள குடும்ப மருத்துவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒரு பருவம் வீணாகப் போயிற்று. கடைசியில் இடைத்தரகர் நிறுவனம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்துத்தான் இடம் கிடைத்தது. இந்தச் செலவு எந்தக் கட்டண அட்டவணையிலும் இருக்காது.

சரி, அந்த மணி நேரத்தை எப்படியாவது கையெழுத்து வாங்கி முடித்துவிட்டால் போதாதா என்றால், போதாது. இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்கியிருந்தால் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். ஹெட்போனில் அந்த ஒலிப்பதிவை நூறு தடவை கேட்டிருப்பீர்கள், தேர்விலும் சரியாக எழுதியிருப்பீர்கள். எதிரே எழுபத்தெட்டு வயதுப் பாட்டி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சத்தம் காதில் விழவே விழாது. அப்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் கையைப் பிடித்து ஸ்டெதஸ்கோப்பை ஒரு அங்குலம் நகர்த்துவார். வலப்பக்கம், மார்பெலும்பை ஒட்டி, இரண்டாவது விலா இடைவெளி. "இப்போ கேக்குதா? இனி கழுத்துக்குக் கொண்டு போ, அங்கேயும் கேக்கும்." அந்த ஒரு அங்குலத்தை ஆன்லைனில் கற்றுத் தர முடியாது. ஆகவே சேருமுன் தொலைபேசியில் கூச்சப்படாமல் கேளுங்கள்: என் ஊரில் இதுவரை எத்தனை மாணவர்களுக்கு இடம் பிடித்துத் தந்திருக்கிறீர்கள்? கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? உங்கள் ஆசிரியர் யாராவது நேரில் வந்து என்னைப் பார்ப்பாரா? பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போன் போடுங்கள்.

அடுத்தது பிரிவு. குடும்ப நலம், வயது வந்தோரும் முதியோரும், பச்சிளங்குழந்தை, குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று ஆறு உண்டு. எங்கே வேலை நிறைய இருக்கிறது என்று பார்த்துக் குடும்ப நலத்தில் சேர்ந்துவிட்டு, அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் பிடிக்கிறது என்றால், திரும்பவும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு படிக்க வேண்டிவரும். இத்தனை வருடம் எந்த வார்டில் மனம் ஒட்டி வேலை பார்த்தீர்களோ, அதையே யோசித்துப் பாருங்கள்.

அங்கீகாரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தாதிமைப் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் சிசிஎன்இ, ஏசிஇஎன் போன்ற அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிறகு, படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே சான்றிதழ்த் தேர்வில் தேறுகிறார்கள் என்று கேளுங்கள். ஓரளவு நல்ல கல்விக்கூடம் அந்த எண்ணைத் தயங்காமல் சொல்லும். முதுகலை போதுமா, டிஎன்பி என்ற முனைவர் நிலைப் பட்டம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். 2015க்குள் எல்லாரும் டிஎன்பிக்கு மாற வேண்டும் என்று 2004லேயே பரிந்துரை வந்தது. மாறவில்லை. இன்றும் முதுகலையோடு சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். இரண்டு வருடம் கூடப் படித்துக் கடனை ஏற்றிக்கொள்ளும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கலாம். இன்னொன்று, டெக்சஸ் போன்ற மாநிலத்தில் மருந்து எழுத மருத்துவருடன் ஒப்பந்தம் வேண்டும், அரிசோனாவில் வேண்டாம். மாநிலம் மாறினால் உரிமையும் மாறும்.

ஆஸ்திரேலியா போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் அங்கீகாரம் கேட்க, கடந்த 6 ஆண்டுகளில் மேம்பட்ட நிலையில் 5,000 மணி நேரம் பணியாற்றியிருக்க வேண்டும். அங்கே பதிவும் வேண்டும். எந்த ஊரானாலும் நோயாளி பக்கத்திலிருந்து நம்மை விலக விடமாட்டார்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கு ஆன்லைனில் பயன்படும் படிப்பு எதுவுமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. தாதிமைக் கல்வி, நிர்வாகம், சுகாதாரத் தகவல் நுட்பம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு நோயாளியைப் பரிசோதிக்கும் உரிமம் தேவையில்லை. வார்டு பொறுப்பில் இருப்பவருக்கும், பயிற்றுநராக விரும்புபவருக்கும் இவை நன்றாகக் கைகொடுக்கும். ஏபிஎன் கனவு இல்லாதவர்கள் அந்தப் பெயருக்காக அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் வியாழன் மாலை ஏழு மணி வகுப்பு என்றால், அங்கே குளிர்காலத்தில் நமக்கு வெள்ளி காலை எட்டு மணி. இரவு ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து வந்து, அப்படியே திரையின் முன் உட்கார வேண்டும். தேர்வென்றால் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டச் சொல்வார்கள். மேசையில் காகிதம் இருக்கக்கூடாது, அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. மூன்றறை வீட்டில் மாமியார், பிள்ளைகள் எல்லாருடனும் இருப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய ஏற்பாடு. முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தில் ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, இவ்வளவு என்றுதான் போட்டிருக்கும். மொத்தம் எத்தனை கிரெடிட், தொழில்நுட்பக் கட்டணம் எவ்வளவு, வளாகத்துக்கு நேரில் வரச் சொல்லும் நாட்களுக்கு விமானச் சீட்டும் தங்குமிடமும் எவ்வளவு என்று எல்லாம் கூட்டிப் பார்த்து, சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான தொகை தெரியும். திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் அங்கீகரிக்கப்பட்ட பாடங்களுக்குத்தான், எல்லாவற்றுக்கும் செல்லாது. அதனால் முதலில் உங்கள் மருத்துவமனையின் தாதிமைக் கல்விப் பிரிவில் போய் உட்காருங்கள். எந்தப் படிப்புக்கு ஆதரவு தருகிறார்கள், சம்பளத்தோடு விடுப்பு உண்டா, அதற்கு ஈடாக அங்கேயே வேலை பார்க்க வேண்டிய பிணை எத்தனை வருடம், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பிணைப் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்குக் கொண்டுவந்து, கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வைத்து முழுக்கப் படியுங்கள். அந்த வருடங்களில் வீடு வாங்குவது, ஊருக்குப் போவது, இன்னொரு பிள்ளை பெறுவது எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும்.

வணக்கம்.