பூச்சாண்டியும் நாட்டு நாயும்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரு மலையாளப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் கும்மாட்டி, 1979-இல் வந்தது. எடுத்தவர் ஜி. அரவிந்தன். ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாத்ருபூமி வார இதழில் பல வருஷம் கார்ட்டூன் போட்டவர். படம் பார்க்காதவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம், கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

வட கேரளத்தில் ஒரு கிராமம். சோறு உண்ண அடம் பிடிக்கிற பிள்ளையிடம் நாம் பூச்சாண்டி வருவான் என்று சொல்கிறோம் இல்லையா, அங்கே கும்மாட்டி வருவான் என்கிறார்கள். ஒருநாள் அந்தக் கும்மாட்டி நிஜமாகவே ஊருக்குள் வந்துவிடுகிறார். தாடி வைத்த கிழவர், ஆடிப் பாடிக்கொண்டு வருகிறார். பிள்ளைகளுக்கு முதலில் பயம். அப்புறம் அவர் பின்னாலேயே சுற்றுகிறார்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கொரு முகமூடி கொடுக்கிறார். போட்டுக்கொண்ட பிள்ளைகள் அந்தந்த விலங்காகவே மாறிவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் விளையாட்டு. பிறகு எல்லாரையும் பழையபடி பிள்ளைகளாக்குகிறார். சிண்டன் என்கிற பையன் மட்டும் அங்கே இல்லை. நாயாக மாறியவனை வேறொரு நாய் துரத்த, எங்கேயோ ஓடிவிட்டான். கும்மாட்டியும் போய்விட்டார். பையன் நாயாகவே நின்றுவிட்டான்.

அந்த மாற்றத்தை எப்படிக் காட்டியிருக்கிறார் தெரியுமா? இன்றைக்கு என்றால் முதுகு வளையும், ரோமம் முளைக்கும், நகம் நீளும், பின்னால் நூறு வயலின் அலறும். அரவிந்தன் ஒரே ஒரு வெட்டு வெட்டுகிறார். முகமூடி மாட்டிய பையன் இருந்தான், இப்போது அந்த இடத்தில் விலங்கு நிற்கிறது. அவ்வளவுதான். பக்கத்தில் புல் அசைகிறது, வெயில் அடிக்கிறது. ஷாஜி என். கருணின் கேமரா அந்தப் புல்லுக்கும் வானத்துக்கும் கொடுக்கிற அக்கறையில் ஒரு துளிகூட அந்த மாயத்துக்கு என்று கூடுதலாகக் கொடுக்கவில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான். மாயத்தைக் கண்டு படம் வாய் பிளக்கவில்லை.

இதைச் சொன்னால் படித்தவர்கள் மாய யதார்த்தவாதம் என்பார்கள். 1925-இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானிய விமர்சகர் ஓவியங்களுக்கு வைத்த பெயர், பின்னால் தென் அமெரிக்கக் கதைகளுக்கு ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும். பாலக்கோடு பக்கம் பிறந்த எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஆயா.

எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் ஊரில் பாஞ்சாலி வேஷம் கட்டியவர் தையல்காரர். விடிய விடியக் கூத்து. துகில் நடக்கிற ராத்திரி ஆயா முதல் ஆளாகப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்துவிடும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முகவீணை கேட்கும். திரைக்குக் கீழே சலங்கைக் காலும், அந்தக் காலில் தையல் மிஷின் மிதித்துக் காய்த்துப்போன கட்டை விரலும் தெரியும். யார் கால் என்று ஊருக்கே தெரியும். திரை விலகியதும் ஆயா கன்னத்தில் போட்டுக்கொள்ளும். புடவையை இழுக்கும் கட்டம் வந்தால் கற்பூரம் ஏற்றி, தாயே என்று அழும். நிஜமாகவே அழும். நடுவில் பாஞ்சாலி ஓய்வெடுக்க எங்கள் திண்ணைக்கு வந்தால், "குடிம்மா" என்று காபியை இரண்டு கையாலும் கொடுக்கும்.

மறுநாள் காலையில் அதே ஆள், காதோரம் அரிதாரம் சரியாகப் போகாத முகத்தோடு தெருவில் போவார். "டேய், என் ஜாக்கெட்டைத் தைச்சு வெச்சியா, இல்ல துணியையே தின்னுட்டியா?" என்று ஆயா பிடித்துக்கொள்ளும். நேற்று கும்பிட்டியே ஆயா என்று கேட்டேன். "அது பாஞ்சாலிடா. இவன் ஜாக்கெட் தைக்கிறவன்" என்றது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை. கும்மாட்டி நம்மிடம் கேட்பதும் இந்தப் பார்வையைத்தான். அந்த மாய யதார்த்தக் கதைகளை எழுதிய கொலம்பியாக்காரர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் கூட, நம்ப முடியாததையெல்லாம் முகம் மாறாமல் சொன்ன தன் பாட்டியிடமிருந்துதான் அந்தக் குரலை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஆயாவுக்கு ஜாக்கெட்டே லேட்டாகத்தான் கிடைத்தது.

நாய்க்கு வருகிறேன். நம் பக்கம் வேடியப்பன் கோயில்களில் நடுகல்லைப் பார்த்திருப்பீர்கள். பொங்கல் வைக்கிறோம், மண்குதிரை செய்து வைக்கிறோம். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் செத்த வீரன் வயல் வரப்பில் இன்னும் காவலுக்கு நிற்கிறான். அதை யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல், 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளுக்காக உயிர்விட்ட வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பேர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் கல்வெட்டு இருக்கிறது. பேரோடு, செய்த வேலையோடு!

சிண்டனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. நகரத்து வீடொன்று அவனைக் கொண்டுபோகிறது. நாட்டு நாய் என்று தெரிந்ததும் துரத்திவிடுகிறார்கள். எப்படியோ ஊர் திரும்புகிறான். அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது. சோறு போடுகிறாள். நாய்க்குள் மகன் இருக்கிறானா என்று படம் நம்மை விவாதிக்க விடுவதில்லை, அம்மா சோறு போட்டுவிட்டாள், முடிந்தது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மாயத்தை நம்ப வைக்க வேண்டுமென்றால் அந்தச் சோற்றைச் சரியாகக் காட்ட வேண்டும்.

மறுவருஷம் கும்மாட்டி வந்து நாயை அணைத்ததும் பையன் திரும்பிவிடுகிறான். வந்ததும் வீட்டுக் கூண்டில் இருக்கும் கிளியைத் திறந்து விடுகிறான். ஏன் என்று ஒரு வசனமும் கிடையாது.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். மெக்சிகோக்காரர் கியெர்மோ தெல் தோரோவின் பான்ஸ் லாபிரிந்த் படத்துக்குப் பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன், ஆயா எடுத்துக்கொண்டது. 2006-இல் வந்த படம், 1944-ஆம் வருஷத்து ஸ்பெயின், உள்நாட்டுப் போர் முடிந்தும் சுடுவது நிற்கவில்லை. ஒரு சிறுமிக்கு மாற்றாந்தந்தை ராணுவக் கேப்டன். காட்டுக்குள் ஆட்டுக்கொம்பு முளைத்த ஒருவன் அவளுக்கு மூன்று வேலை வைக்கிறான். தேவதைக் கதைதான், ஆனால் ரத்தம் அதிகம். கும்மாட்டியை 2021-இல் பழுது நீக்கிப் புதுப்பித்திருக்கிறார்கள், அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். இன்னொன்றைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு. வணக்கம்.