என்டர் தட்டினால் கவிதையா? ஒரு கேள்வி, கொஞ்சம் நீளமான பதில்

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே மாட்டேன் என்கிறது. பெங்களூர் கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "உரைநடையை எழுதி நாலு இடத்தில் என்டர் தட்டிவிட்டுப் புதுக்கவிதை என்கிறார்கள். வரியை உடைக்க ஏதாவது கணக்கு உண்டா?" கொஞ்சம் குத்தல்தான், ஆனாலும் நல்ல கேள்வி.

மரபில் அந்தக் கணக்கு காதிடம் இருந்தது. ஓலைச்சுவடியில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதமாட்டார்கள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அடி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? சீரும் (அடியை அளக்கும் துண்டு) எதுகையும் (அடிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) சொல்லிவிடும். முன்பு வெண்பா என்கிற மரபுப் பாவைப் பற்றி நான் பேசியதைக் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அங்கேயும் இந்தக் குறளைத்தான் சொன்னேன், எனக்கு இது சலிப்பதே இல்லை:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

பிரிந்து போகக் கிளம்பியவனிடம் மனைவி சொல்வது. போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்கிற கதையெல்லாம் அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல். முதல் அடி எங்கே முடிகிறது பாருங்கள். 'எனக்குரை' என்றதும் ஒரு பேச்சு முடிந்துவிட்டது, ஆனால் அடிக்கு நாலு சீர் வேண்டும், அதனால் 'மற்றுநின்' வந்து உட்காருகிறது. நின் என்றால் உன்னுடைய. உன்னுடைய என்ன? அதற்குள் அடி முடிந்துபோயிற்று. தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு இடைவெளி, பிறகுதான் 'வல்வரவு'. செல், வல் என்று எதுகை விழுந்ததும் அடுத்த அடி வந்துவிட்டது என்று காது பிடித்துக்கொள்ளும். ஓசூர்ப் பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் தமிழ்நாட்டு அரசு பஸ்களில் குறள் எழுதியிருப்பார்கள், சில சமயம் இடம் போதாமல் ஏழு சீரை மூன்று வரியாக்கியிருப்பார்கள், வாசித்தால் அது தானாக இரண்டு அடியாகிவிடுகிறது.

புதுக்கவிதை எதுகையை விட்டது, சீர்க்கணக்கை விட்டது. மிச்சம் இருப்பது வரியின் ஓரம்தான், சுமை முழுக்க அதன் தலையில். நானே ஒன்று சொல்கிறேன், கவிதை என்று யாரும் பாராட்ட வேண்டாம்:

பொங்கலுக்கு ஊர் போகும் ரயிலில் இடமில்லை
என்று யாரும் திரும்பிப் போவதில்லை

முதல் வரி முடியும்போது இடமில்லை என்று நம்பிவிடுகிறீர்கள். அடுத்த வரியின் 'என்று' அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. இதையே 'ரயிலில்' என்ற இடத்தில் ஒருமுறை, 'யாரும்' என்ற இடத்தில் ஒருமுறை உடையுங்கள். 'இடமில்லை என்று யாரும்' என்று ஒரே வரியில் வந்தாலே குட்டு உடைந்துவிடும், அப்புறம் அது வெறும் தகவல். நண்பர் சொல்கிற என்டர் தட்டும் கவிதைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேயே வரியும் நிற்கிறது, எதுவும் மாறுவதில்லை.

அவர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உரக்க வாசிக்கும்போது வரி முடிவில் நிற்க வேண்டுமா? கவியரங்கங்களில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வார்கள், கைதட்டலுக்கு என்று நாம் கிண்டல் செய்வோம். செய்யலாம், ஆனால் வரி எங்கே முடிகிறது என்று அரங்கத்தின் கடைசி நாற்காலிக்கும் தெரியும். நவீன கவிஞர் பலர் தாளில் பார்த்துப் பார்த்து உடைத்ததை மைக் முன்னால் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள், கேட்கிறவனுக்கு ஒரு ஓரமும் தட்டுப்படுவதில்லை. என் கட்சி, அரை மூச்சு நில்லுங்கள். 'மற்றுநின்' சொல்லிவிட்டு முழுமூச்சு விட்டால் குறள் துண்டாகிவிடும், நிற்காமல் போனால் அவளுடைய கோபம் மட்டும் கேட்கும், தவிப்பு கேட்காது. வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள், அடுத்த வாரம் இரண்டு மூன்றைப் போட்டுக் கேட்போம்.