தொந்தரவே இல்லாத மார்பக இம்ப்ளான்டை எடுத்துவிட வேண்டுமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. 2016-ல் இரண்டு பக்கமும் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டிருக்கிறார், மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் வகை. இதுவரை வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் இந்த வகையால் புற்றுநோய் வரும் என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கமே போய்விட்டது, உடனே எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொந்தரவு எதுவும் இல்லாதபோது பயத்துக்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. அதற்காக, வைத்தாயிற்று, இனி கவலையில்லை என்று மறந்துவிடவும் கூடாது. இது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் இல்லை. வருடம் ஏற ஏற, அதைச் சுற்றி உடம்பு கட்டும் தழும்பு உறை இறுகி மார்பு கல்லு மாதிரி ஆவது, இம்ப்ளான்ட் கிழிவது போன்ற சிக்கல்களுக்கு வாய்ப்பு கூடும். வைக்கும் முன்பே இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை, பலருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, புற்றுநோய் விஷயம். நீங்கள் கேட்டது வதந்தி இல்லை. ஆனால் அது மார்பகப் புற்றுநோயும் இல்லை. இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு தழும்பு உறையைக் கட்டிக்கொள்ளும், அந்த உறையிலும் அதற்குள் சேரும் நீரிலும் வருகிற ஒருவகை லிம்ஃபோமா இது, அதாவது நோய் எதிர்ப்பு அணுக்களில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் சொரசொரப்பான வகை வைத்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. 2019 ஜூலையில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டதால் அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற தன் சொரசொரப்பான வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்தச் சமயத்தில் உலக அளவில் இந்த நோய் வந்ததாக எஃப்டிஏவிடம் பதிவாகியிருந்தவர்கள் 573 பேர், அதில் இறந்தவர்கள் 33 பேர். 573 பேரில் 481 பேருக்கு இருந்தது அலர்கன் தயாரிப்பு. இம்ப்ளான்ட் வைத்திருக்கும் லட்சக்கணக்கான பெண்களோடு சேர்த்துப் பார்த்தால் இது அரிது. அதனால்தான் அதே அறிவிப்பில், அறிகுறி இல்லாதவர்கள் எடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். எடுப்பதும் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஆபரேஷன்தானே, ரத்தக்கட்டு, கிருமித் தொற்று எல்லாம் அதிலும் உண்டு.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது. இந்த நோய் பெரும்பாலும் வைத்து எட்டுப் பத்து வருடம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது, ஆகவே உங்களுக்கு இது கவனமாக இருக்க வேண்டிய காலம். இரண்டும் ஒரே அளவாக இருந்துவிட்டு, சில வாரங்களில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, ப்ரா அந்தப் பக்கம் மட்டும் பிடிக்க ஆரம்பித்தால் உடனே போய்க் காட்டுங்கள். கட்டி தட்டுப்பட்டாலும் அப்படியே. வெறும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அதோடு திரும்பி வராதீர்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து, உள்ளே சேர்ந்த நீரை ஊசியால் எடுத்து, இந்த லிம்ஃபோமாவின் அணுக்களை அடையாளம் காட்டும் சிடி30 பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உறையைத் தாண்டாத நிலையில் தெரிந்துவிட்டால், இம்ப்ளான்டையும் உறையையும் முழுசாக எடுப்பதோடு பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள்.

இன்னொன்று, சிலிக்கோன் இம்ப்ளான்ட் கிழிந்தால் பல நேரம் வெளியே தெரியவே தெரியாது. ஜெல் அந்தத் தழும்பு உறைக்குள்ளேயே நின்றுவிடும், அளவும் குறையாது. அதனால்தான் வைத்த ஐந்தாறு வருடத்தில் ஒருமுறை, அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ பார்க்கச் சொல்கிறது எஃப்டிஏ. கேள்வியில் ஸ்கேன் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இதுவரை பார்க்கவில்லை என்றால், எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கம்பெனி பெயரும் எழுதவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள், அதில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். பிரான்சில் பிஐபி என்ற நிறுவனம் மருத்துவத் தர சிலிக்கோனுக்குப் பதில் தொழிற்சாலைத் தர ஜெல்லை அடைத்து விற்றது 2010-ல் வெளிவந்தது, 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு சுமார் 30,000 பெண்களை எடுத்துவிடச் சொன்னது. தன் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனி என்று தெரியாத பெண் அப்போது என்ன பாடுபட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் உங்கள் ஆபரேஷன் குறிப்பின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அதை வாங்கிக்கொண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள்.