பக்கவாதத்துக்குப் பின்: சிகிச்சையைச் சான்றோடு தேர்ந்தெடுத்தல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பக்கவாதம் தாக்கிக் கை கால் விளங்காமல் போனவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் தேறிவிடுவார் என்று நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும் என்பதால் அந்த நம்பிக்கைக்கு நியாயமும் இருந்தது. அதையும் சோதித்துப் பார்த்தது ‘அவெர்ட்’ என்னும் ஆய்வு. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பையும், மற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடியும் கூடுதல் நேரமும் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பயிற்சியையும் அளித்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. 3 மாதம் கழித்துத் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையை எட்டியவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம்; தீவிரப் பயிற்சியில் 46 சதவீதம்.

நல்லெண்ணத்தோடு செய்த கூடுதல் முயற்சி சிலருடைய தேறுதலைக் குறைத்திருக்கிறது என்பது என் போன்றோரை உலுக்கிய செய்தி. ஆனால் இதைக் கேட்டு நோயாளியைப் படுக்கையிலேயே விட்டுவிடக் கூடாது. வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டவர்கள்தாம். பின்னர் நடந்த பகுப்பாய்வில், ஒரே மூச்சில் நீண்ட நேரம் பயிற்சி தருவதைவிடச் சிறிது சிறிதாகப் பல தடவை எழுப்புவது நல்ல பலனோடு சேர்ந்து காணப்பட்டது.

வேறொரு சிகிச்சையில் சான்று நம்பிக்கை தருகிறது. நல்ல கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையையே புழங்கவைக்கும் முறை அது. 2006-இல் வெளியான ‘எக்சைட்’ ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி உறையோடு 2 வாரம் பயிற்சி பெற்றவர்களுக்குக் கைத்திறன் கூடியது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. எனினும், மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நிமிர்த்த முடிந்தவர்களையே அதில் சேர்த்தார்கள். கை முற்றிலும் அசையாதவருக்கு அதே உறையை மாட்டினால் வேதனைதான் மிஞ்சும்.

ஆகவே இம்முறையைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே தொடங்கிவிடாதீர்கள். மணிக்கட்டு எவ்வளவு நிமிர்கிறது, நடக்கையில் நல்ல கையால் ஊன்றுகோல் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதை இயன்முறை மருத்துவர் முதலில் பார்க்கட்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டுமா, பேனா பிடிக்க வேண்டுமா என்று நோயாளியிடமும் கேளுங்கள். எந்த அசைவைப் பழக்குவது என்பதை அவருடைய பதிலை வைத்தே தீர்மானிக்க முடியும்.