பைப் வாத்தியாரும் சாயும் பந்தும்

நேயர்களுக்கு வணக்கம். டெல்லி லோதி ரோட்டில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் பக்கத்திலிருந்த நேரு விளையாட்டரங்க வளாகத்தில் லான் பௌல்ஸ் புல்தரை போட்டார்கள். அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது, அதனால்தான் போனேன்.

பார்த்ததும் நம் ஊர்க் கோலிதான் ஞாபகம் வந்தது. ஜாக் என்கிற சின்னப் பந்து தூரத்தில் கிடக்கும். யார் உருட்டிய பந்து அதற்குக் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் நண்பர் தயவில் அந்தப் பந்தைக் கையில் வாங்கினேன். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. முழு உருண்டை கிடையாது; ஒரு பக்கம் வடிவத்தில் லேசாக மாறியிருக்கும். வேகம் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக ஓடும், வேகம் குறையக் குறையச் சாய ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் வட்டக் குறி உண்டு. சின்ன வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் வளையும். நான் மாற்றிப் பிடித்து உருட்டிவிட்டேன். பந்து ஜாக்கை எட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவரின் காலடியில் போய் நின்றது. அவர் சிரிக்கவில்லை.

இந்தச் சாய்வை வைத்தே வாழ்ந்தவர் இங்கிலாந்தின் டேவிட் பிரயன்ட். 1931-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். வாயில் புகை பிடிக்கும் பைப்போடுதான் ஆடுவார். காலடியில் விரித்த பாயில் குந்தி, பாதையைக் கண்ணால் அளந்து, எழுந்தபடியே பந்தை விடுவார். காமன்வெல்த் போட்டிகளில் 1962, 1970, 1974, 1978 என நான்கு முறை ஒற்றையர் தங்கம். நடுவே 1966-இல் ஏன் இல்லை என்கிறீர்களா? அந்த முறை பௌல்ஸையே சேர்க்கவில்லை. மனிதர் சும்மா இருந்தாரா? அதே வருடம் ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வாங்கிவந்தார்.

உள்ளரங்கில் கம்பளத்தில் ஆட வேண்டும். காற்று, ஈரம் என்று பழி போட அங்கே எதுவும் இல்லை. உள்ளரங்க உலகப் போட்டி 1979-இல் தொடங்கியது. முதல் மூன்று வருடமும் அவருக்கே பட்டம். எனக்கு இதைவிட வியப்பு 1988. அந்த வருடம் வெளிப்புல்லில் மறுபடி உலகச் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 56. என் அலுவலகத்தில் அந்த வயதில் ஓய்வூதியக் கணக்குதான் போட்டுக்கொண்டிருப்போம்.

2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மணி சைகியா, ரூபா ராணி திர்கி நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்றார்கள். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். பிங்கி நம் டெல்லியில் விளையாட்டு ஆசிரியை. பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு வாத்தியார்! அன்று ராத்திரி மயூர் விஹாரிலிருந்து பழைய சகா ஒருவர் போன் செய்தார்: "சார், உங்க கோலிக்குத் தங்கம் வந்தாச்சு!"