பணமா, படையா? பணமே என்ற அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்யூனிசம் பரவாமல் தடுக்க அமெரிக்காவுக்குப் பெரிதும் கைகொடுத்தது பணமா, படையா என்பது தலைப்பு. 1947 ஜூனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் அறிவித்த உதவித் திட்டத்தின்படி 16 ஐரோப்பிய நாடுகளுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. கம்யூனிஸ்டுக் கட்சிகள் பெருத்த செல்வாக்கோடு இருந்த பிரான்சும் இத்தாலியும்கூட அவர்கள் கைக்கு மாறவில்லை. என் அணியின் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "மிட்டாய் கொடுத்தா ஸ்டாலினை மடக்கினார்கள்?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஆமாம் நண்பரே, மிட்டாயும் கொடுத்தார்கள்.

சோவியத் பிடியிலிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே, அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் ஆண்டுவந்த நகரப் பகுதி மேற்கு பெர்லின். 1948 ஜூனில் அங்கே செல்லும் சாலை, ரயில், நீர்வழி அனைத்தையும் சோவியத் படை அடைத்தது. இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு மாவும் நிலக்கரியும் வானத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அப்போது கெயில் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் கம்பிவேலிக்கு அப்பால் நின்ற குழந்தைகளைப் பார்க்கிறார். அவர்களில் ஒருவரும் கை நீட்டிக் கேட்கவில்லை. அவருக்கு அதுதான் தைத்தது. சட்டைப்பையில் கிடந்த இரண்டே இரண்டு சூயிங்கத்தை நான்காக ஒடித்துக் கொடுக்கிறார். கிடைக்காத பிள்ளைகள் சண்டையா போட்டார்கள்? இல்லை, நடுவர் அவர்களே! அது சுற்றியிருந்த தாளைக் கிழித்துப் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு துண்டாக முகர்ந்து பார்த்தார்கள். அடுத்தமுறை வானத்திலிருந்தே போடுகிறேன் என்றார் அவர். இத்தனை விமானங்களில் உங்களுடையது எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டன, விவரமான பிள்ளைகள். இறக்கையை ஆட்டிக் காட்டுகிறேன் என்றவர், சொன்னபடியே இறக்கையை ஆட்டி, கைக்குட்டையில் கட்டிய சாக்லெட்டை மிதக்கவிட்டார். அதன்பின் பெர்லின் பிள்ளைகளுக்கு அவர் 'இறக்கை ஆட்டும் மாமா' ஆகிவிட்டார்.

"விமானம் ராணுவத்துடையதுதானே?" என்று எதிரணியிலிருந்து இப்போது ஒரு குரல் வருகிறது. விமானம் ராணுவத்துடையதுதான், ஆனால் உள்ளே இருந்தது குண்டா, மாவு மூட்டையா? ஆயுதமேந்திய வண்டித்தொடரை அனுப்பிச் சாலையைத் திறந்துவிடலாம் என்று ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ ஆளுநராக இருந்த ஜெனரல் லூசியஸ் கிளே யோசனை சொன்னபோது, வாஷிங்டன் அதை ஏற்கவில்லை. பி-29 குண்டுவீச்சு விமானங்களை பிரிட்டனுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நான் மறுக்கவில்லை. அவை நின்றன, மாவு பறந்தது. 1949 மே 12 அன்று ஸ்டாலின் வழிவிட்டார். மார்ஷலே ஒரு ராணுவத் தளபதிதான் என்பதை நண்பருக்கு நினைவூட்டுகிறேன். படையின் அருமை தெரிந்த அவரே பணப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

படையை நம்பிய இடம் வியட்நாம். 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளையும் கணக்கிலடங்கா வியட்நாமியரையும் பலிகொடுத்த பிறகும், 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தது. எந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

பெர்லினிலும் விமானிகள் இறந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் குண்டு போட்ட நாட்டின் பிள்ளைகள், நிலக்கரியும் மாவும் சுமந்து வந்து விபத்தில் மாண்டார்கள். அவர்களுடைய பெயர்களை டெம்பல்ஹோஃப் எதிரே நினைவுச்சின்னத்தில் பொறித்து வைத்திருக்கிறது, குண்டுபட்ட அதே ஊர். நடுவர் அவர்களே, அன்று அடுப்பில் ஏற்றுவதற்கு ஏதாவது வருமா என்று வானத்தைப் பார்த்து நின்ற பெர்லின் தாய்மார்களை ஒரு நொடி நினைத்துக்கொண்டு எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.